என் காரில் ஏறி உட்கார்ந்தவர்

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது இது. இப்போது சொல்லத் தொடங்கினாலும் என் வலது கால் தானாக விறைத்துக்கொள்கிறது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அம்மாவுக்காகத்தான். அம்மா கிள்ளானில் என் தம்பி வீட்டில் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப் போயிற்று. தம்பி மனைவி நல்ல பெண், ஆனால் இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் பாவம் என்ன செய்வாள். அதனால் சனிக்கிழமைதோறும் நான் போய் அம்மாவுக்குத் தலை குளிப்பாட்டி, சிக்கெடுத்து, பின்னிவிட்டு வருவேன். அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி. படுத்த படுக்கையிலும் அதை வெட்ட விடமாட்டேன் என்று பிடிவாதம். பஸ் மாறி, வெயிலில் நின்று, நான் போய்ச் சேரும்போது மதியமாகிவிடும். ஈரத் தலையோடு சாயங்காலக் காற்றில் கிடந்தால் அம்மாவுக்குச் சளி பிடிக்கும்.

முப்பது வயதைத் தாண்டித்தான் ஓட்டக் கற்றேன். கிளட்ச் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அப்போது என் கணவருக்குத் தெரிந்த ஓர் அரசாங்க அதிகாரி ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போனார். அவரிடம் ஒரு பழைய ஆட்டோ கியர் கார் இருந்தது. எங்கள் கல்யாணத்தைவிட மூத்த கார். வெளிறிய பச்சை நிறம், கதவைச் சாத்தினால் தகர டின் மாதிரி சத்தம். ஆனால் கிளட்ச் கிடையாது. என் கணவர் அதை வாங்கி வந்து வாசலில் நிறுத்திய அன்று, எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, கடை வரிசைக்கு முன்னால் காரை நிறுத்தி, சீயக்காயும் அம்மாவுக்குக் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். சாவியைத் திருப்பினேன், கியரைப் போட்டேன், மெதுவாக எடுத்தேன். தெருவில் சற்றுத் தள்ளி, வெள்ளைக் கோலோடு ஒரு பார்வையற்ற இளைஞர் கடந்துகொண்டிருந்தார். பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது, அதனால் அது தினமும் பார்ப்பதுதான். வெள்ளைக் கோலைக் கண்டால் வண்டிகள் தாமாக நின்றுவிடும். நானும் அவர் கடக்கட்டும் என்று காலை பிரேக்குக்கு மாற்றினேன்.

அந்த நொடியில் கார் அலறியது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க, யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளுவது போல் அது முன்னால் பாய்ந்தது. இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கில் ஊன்றி, இருக்கையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். டயர் தேய்கிறது, கார் போகிறது. வலது பக்கம் எதிரே ஒரு பஸ். நேர் முன்னால் அவர்.

அவர் நின்றுவிட்டார். ஓடவில்லை, பின்வாங்கவில்லை. தெரு நடுவில் முகத்தை என் பக்கம் திருப்பி அப்படியே நின்றார். நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். அவர் முகம் என் ஜன்னலை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்துபோனது. வலது பக்கக் கண்ணாடி அவர் கோலில் பட்டு அது முறிகிற சத்தம் கேட்டது. அடுத்த கணம் இடது முன்சக்கரம் கடைகளுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக்குள் இறங்கி, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நின்ற பிறகும் இன்ஜின் அலறிக்கொண்டே இருந்தது. காப்பிக்கடையிலிருந்து ஓடி வந்த ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். என் கால்கள் இரண்டும் அப்போதும் பிரேக்கில்தான் இருந்தன.

கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆக்சிலரேட்டரை 'எண்ணெய்' என்றுதான் சொல்வோம். "பிரேக்குன்னு நெனச்சு எண்ணெய அழுத்திட்டாங்க போல" என்று ஒருவர் சொன்னார். "பொம்பளைங்களுக்கு ஆட்டோ கார் குடுத்தா இப்படித்தான்லா" என்றார் இன்னொருவர். எனக்கு அதெல்லாம் தூரத்தில் கேட்பது போல் இருந்தது. கதவைத் திறந்து இறங்கி, தெரு நடுவுக்குப் போனேன். அந்த இளைஞர் கீழே விழுந்து, தரையைக் கையால் துழாவிக் கோலைத் தேடிக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கி நிறுத்தினேன். உள்ளங்கை கிழிந்து, கல்லும் மண்ணும் ரத்தமுமாக இருந்தது.

"நீங்கதானா ஓட்டுனது? உங்களுக்கு அடி படலையே?" என்று கேட்டார்.

 அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கூட்டத்தில் மறுபடி யாரோ அந்த எண்ணெய்க் கதையைச் சொன்னார்கள். அவர் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"இல்ல அண்ணே. அவங்க பிரேக்குதான் மிதிச்சாங்க. டயர் தேயிற சத்தமும் இன்ஜின் கத்துற சத்தமும் ஒண்ணா வந்துச்சு. எண்ணெய அழுத்துற ஆளு கார்ல டயர் ஏன் தேயுது?"

 யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. கண் தெரியாதவர், அதிர்ச்சியில் ஏதோ சொல்கிறார் என்பது போல ஒரு பார்வை.

கிளினிக்கில் அவர் கைக்குத் தையல் போட்டார்கள். செய்தி கேட்டு என் கணவர் வேலையிலிருந்து ஓடி வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. தோளைத் தட்டி, "பரவாயில்ல விடு, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். அந்த ஆறுதல்தான் எனக்கு அதிகமாக வலித்தது. தப்பு என்னுடையது என்று அவரும் முடிவு செய்துவிட்டார் என்பது அதில் இருந்தது.

காரை வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். அங்கிருந்த சீன மெக்கானிக் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். பிரேக்கைப் பார்த்தார், எண்ணெய் மிதியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கம்பியைப் பார்த்தார், இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. "ஓக்கே லா, ஒண்ணும் இல்ல" என்று என்னைப் பார்க்காமல் கணவரிடம் மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சமைத்துக்கொண்டே அடுப்புக்கு முன்னால் நின்று வலது காலை இங்கே வைப்பேன், அங்கே வைப்பேன். இதுதான் பிரேக், இதுதான் எண்ணெய். அன்று எதை மிதித்தேன்? பிரேக் என்று என் உடம்பு சொல்கிறது. ஊரே வேறு சொல்கிறது. ஒரு மனுஷி தன் காலையே நம்ப முடியாமல் போவது எவ்வளவு பெரிய தனிமை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த இளைஞரும் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கார் ஓட்டுவதை விட்டேன். மறுபடி பஸ். மறுபடி மதியத்துக்கு மேல் போய்ச் சேருவது. அம்மா ஜன்னலையே பார்த்தபடி படுத்திருப்பார். "கா... கா..." என்று கேட்பார். கார் எங்கே என்று அர்த்தம். வொர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். நேரம் போதாமல் ஒரு வாரம் தலைக்கு ஊற்றாமல் வெறும் சீப்பை மட்டும் ஓட்டிவிட்டு வந்தேன். அம்மா இடது கையால் முடியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அதுதான் மனசை அறுத்தது.

கையில் தையல் பிரித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஒரு புது வெள்ளைக் கோல் வாங்கிக்கொண்டு நானும் கணவரும் அந்த இளைஞரைப் பார்க்கப் போனோம். நண்பர்களோடு ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தார். ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. என்னைவிட நாலைந்து வயது இளையவர். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. என் குரலைக் கேட்டதுமே, "அக்கா, வாங்க" என்று எழுந்து நின்றார்.

காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, அன்னிக்கு என்னைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னீங்க?"

அவர் சிரித்தார். "பொய் சொல்றதா இருந்தா இன்னும் நல்லா சொல்லியிருப்பேன்லா அக்கா. கேட்டதத்தான் சொன்னேன். இன்னொண்ணும் கேட்டுச்சு. இன்ஜின் கத்துறதுக்கு முன்னாடி, கனமா ஏதோ தூக்கி அடிச்ச மாதிரி 'டங்'குன்னு ஒரு சத்தம். அப்புறம்தான் கத்துச்சு."

என் கணவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கத்துறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான் அண்ணே. நல்லா ஞாபகம் இருக்கு."

நான் வேறொன்று கேட்டேன். பல நாளாக மனதில் இருந்த கேள்வி. கார் வருகிற சத்தம் கேட்டும் ஏன் ஓடவில்லை?

"எந்தப் பக்கம் திருப்புவீங்கன்னு எனக்குத் தெரியாதுல்ல. ஓடினா நீங்க திருப்புற பக்கமே வந்து விழுந்துடுவேனோன்னு பயம். நின்னா, ஓட்டுறவங்க பாத்துத் திருப்பிடுவாங்க. அதான் நின்னேன்."

யார் என்றே தெரியாத என்னை நம்பி அவர் அங்கே நின்றிருக்கிறார். 

மறுநாளே என் கணவர் மெக்கானிக்கிடம் போய், அந்த 'டங்' சத்தத்தைச் சொல்லியிருக்கிறார். மெக்கானிக் இந்த முறை முன்மூடியைத் திறந்துவைத்து, என் கணவரை ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்து, பிரேக்கை இறுக்கி, கியரில் போட்டு, எண்ணெயை அழுத்திப் பார்க்கச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கமாக எம்பி எழுந்ததாம். இன்ஜினைக் காரோடு பிடித்துவைக்கும் ரப்பர் கட்டை ஒன்று உள்ளுக்குள் இரண்டாகக் கிழிந்திருந்தது. சும்மா நிற்கும்போது இரண்டு துண்டும் ஒன்றின் மேல் ஒன்று பாங்காக உட்கார்ந்திருக்கும், கிழிந்தது தெரியாது. கார் கிளம்பும்போது இன்ஜின் எழும்பும்; அந்த 'டங்' அதுதான். எழும்பும்போது எண்ணெய்க் கம்பியையும் சேர்த்து இழுத்துவிடும். இழுத்தால் இன்னும் வேகம், இன்னும் எழும்பும். ஓட்டுகிறவர் காலை எடுத்தாலும் அது விடாது.

என் கணவர் கைக் கரியைக்கூடக் கழுவாமல் நேராக வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் நின்று, "நீ பிரேக்கத்தான் மிதிச்சிருக்கே" என்றார். பிறகு, "நான் உன்ன நம்பியிருக்கணும்" என்றார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். குக்கர் கூவிக்கொண்டே இருந்தது, யாரும் எழவில்லை.

கட்டையை மாற்றி, சாக்கடையில் அடிபட்ட பக்கத்தையும் நிமிர்த்தி, கார் வாசலுக்கு வந்துவிட்டது. தப்பு என்னுடையது இல்லை என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. கதவைத் திறப்பேன், இருக்கையில் உட்காருவேன், சாவியைத் தொட்டதும் அந்த முகம் ஜன்னலோரம் கடந்துபோகும். இறங்கிவிடுவேன்.

ஒரு நாள் காலை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் வழியில் அவரைப் பார்த்தேன். புதுக் கோலை ஊன்றியபடி அதே தெருவின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் நின்று வழிவிட்டன. அவர் இறங்கவில்லை. வண்டிகள் போய்விட்டன. அப்போதும் அவர் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் அருகில் போனேன்.

"ஏன் தம்பி நிக்கிறீங்க?"

"மனசு எறங்க மாட்டேங்குதுக்கா. ஒரு இன்ஜின் சத்தம் கேட்டாப் போதும், கால் பின்னாடி போயிடுது. யார்கிட்டயும் சொல்லல. யாராச்சும் வந்து கூப்பிடுற வரைக்கும் இப்படியே நிப்பேன்."

எத்தனையோ வருடமாகத் துணையில்லாமல் கடந்த தெரு அது. என் கார் அதை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டது. என் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள, இருவரும் கடந்தோம். அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போகும் நேரத்துக்கு நானும் அங்கே போய் நின்றேன். முதலில் கையைப் பிடித்துப் போனார். பிறகு நான் பக்கத்தில் மட்டும் நடந்தேன். நடக்கிறபோது கிள்ளானில் இருக்கும் அம்மாவைப் பற்றியும், காரைத் தொட முடியாமல் இருப்பதையும் அவரிடம் சொல்லியிருந்தேன். ஒரு காலை, "அக்கா, நீங்க இங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தனியாக இறங்கினார். அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்து, நான் பார்க்கிறேன் என்று தெரிந்து, கோலைத் தூக்கி ஆட்டினார். இந்தக் கரையில் நான் நின்று கை தட்டினேன்.

அடுத்த நாள் அவர் கேட்டார். "நான் எறங்கிட்டேன். நீங்க எப்ப அக்கா எறங்கப் போறீங்க?"

"எங்க?"

"கிள்ளானுக்கு. சனிக்கிழம எனக்கு லீவு. நானும் வரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களை வைத்துக்கொண்டா, முடியவே முடியாது என்றேன்.

"வேற யாரை ஏத்தினாலும் பயந்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. எனக்கு உங்க காரு ஏற்கெனவே பழக்கம்" என்றார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை அவர் என் காரில் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். என் கணவர் பின்னால் ஏறட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நானே சொன்னேன். சாவியைத் திருப்பினேன். கார் சாதுவாகக் கிளம்பியது. நெடுஞ்சாலையில் இடது ஓரமாக, ஆமை மாதிரி போனேன். பின்னால் ஒரு லோரி விடாமல் ஹாரன் அடித்தது.

"திட்டுறான்" என்றேன்.

"திட்டட்டும். அவன் பிரேக் நல்லா இருக்கு, சத்தத்துலயே தெரியுது" என்றார். அவ்வளவு நாளைக்குப் பிறகு நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து சிரித்தேன்.

பாதி வழிக்கு மேல், ஷா ஆலம் ஊரைத் தாண்டும்போது பேச்சுச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், தலையைச் சாய்த்து, கோலை மடியில் வைத்துக்கொண்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே தூங்கினாரா, எனக்காகத் தூங்குவது போல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டியதில், என் கால் முதன்முறையாகத் தளர்ந்தது.

கிள்ளானில் அம்மாவுக்குத் தலை குளிப்பாட்டி, ஜன்னலோரம் உட்காரவைத்து, ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தேன். அவரும் அங்கே ஒரு நாற்காலியில் இருந்தார். அம்மா அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். அம்மாவின் பேச்சு என்னைத் தவிர யாருக்கும் புரியாது. வருகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் அம்மா மற்றவர்களிடம் பேசுவதையே விட்டிருந்தார். நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார்.

"சாப்பிட்டேன்மா. காலையில தோச."

அம்மா திகைத்துப் போனார். மறுபடி ஒரு கேள்வி. அதற்கும் பதில். வேலை எங்கே, ஊர் எது, கல்யாணம் ஆயிற்றா. இரைச்சலான லைனில் எத்தனையோ பேர் பேசுவதைக் கேட்டுப் பழகிய காது, அவசரப்படாமல் அம்மாவின் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தது. அம்மா பேசிக்கொண்டே போனார். கண்ணில் நீர் வழிய வழியப் பேசினார். சமையலறையிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்து, கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு அம்மா இடது கையை நீட்டி அவர் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் தையல் போட்ட தழும்பு விரலில் தட்டியிருக்க வேண்டும். இது என்ன என்று கேட்டார். என் கையிலிருந்த சீப்பு நின்றது. அந்த விபத்தைப் பற்றி நான் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"ரோட்டத் தாண்டும்போது விழுந்துட்டேன்மா" என்றார் அவர். "ஒரு அக்கா ஓடி வந்து தூக்கி விட்டாங்க."

அம்மா அந்தத் தழும்பைத் தடவிக்கொடுத்து, அந்தப் பெண் நல்லா இருக்கணும் என்று குழறலாகச் சொன்னார். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். நான் அம்மாவின் முடியைப் பிடித்தபடி, பின்னல் கலைந்துபோக, சத்தம் வராமல் அழுதேன்.

அதன் பிறகு பல சனிக்கிழமைகள் அவர் என்னோடு வந்தார். அம்மா அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். அம்மா இறந்தபோது அவரும் வந்து காலடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கல்யாணமாகி வடக்கே வேலை மாற்றலாகிப் போனார். சில வருடம் போனில் பேசிக்கொண்டோம். வீடுகள் மாறின, தொடர்பும் விட்டுப் போயிற்று. எங்கே இருந்தாலும் சுகமாக இருக்கட்டும்.

இன்று யாராவது ஒருவரை நாலு பேர் சுற்றி நின்று "உன் தப்புதான்" என்று சொல்வதைப் பார்த்தால், எது உண்மை என்று எனக்குத் தெரியாவிட்டாலும், பேசாமல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அன்று எனக்கு அது எவ்வளவு பெரிய உயிர்ப்பிச்சையாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.